சுமைப் பாதை: கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு நான்கு நாட்கள்

முதல் நாள்: பெரியகுளம்

வத்தலக்குண்டைத் தாண்டியதும் காட்ரோடு என்னும் பிரிவு வருகிறது. கொடைக்கானல் செல்லும் வண்டிகளெல்லாம் அங்கே வலப்பக்கம் திரும்பி மலையேறிவிடுகின்றன. நான் வந்த பேருந்து திரும்பாமல் நேராகத் தேவதானப்பட்டி வழியே பெரியகுளம் வந்து சேர்ந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா என் முதுகுப்பையையும் காலணியையும் பார்த்துவிட்டு, "கொடைக்கானலுக்கா? காட்ரோட்டுல எறங்கியிருக்கணுமேப்பா" என்று கவலைப்பட்டார். கும்பக்கரையிலிருந்து நடந்து ஏறப் போகிறேன் என்றதும் அவருடைய முகம் மாறியது. "வெள்ளகவி வழியாவா? எங்க அப்பா காலத்துல போவாக" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் வழியைப் பார்க்கத்தான் இவ்வளவு ஆண்டுகள் கழித்து இங்கே வந்திருக்கிறேன்.

மலைகளில் நடக்கத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒரு மாசி மாதத்தில் அப்பாவோடு வெள்ளியங்கிரி ஏறியதுதான் முதல் மலை. அதன்பின் சதுரகிரி, பர்வதமலை, கொல்லிமலை, மீசைப்புலிமலை என்று விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேட்டில் வரவு வைத்தேன். போன வாரம் பையைக் கட்டும்போது அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். எந்த மலை, எத்தனை மீட்டர், எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கி எத்தனை மணிக்கு உச்சியைத் தொட்டேன் என்பதெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஆனால் எனக்கு வழிகாட்டியவர், சோறு போட்டவர், இருட்டில் கைகொடுத்து இறக்கியவர் ஆகியோரில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. இருபது பக்கங்களைப் புரட்டிய பிறகு மனம் மிகவும் கனத்துப் போயிற்று. அந்தக் குறிப்பேட்டை இந்தமுறை கொண்டுவரவில்லை.

இந்தப் பாதையைத் தேர்ந்ததற்குக் காரணம் இதில் உச்சி என்று எதுவும் இல்லாததுதான். கீழே இருப்பவர்கள் மேலே போகவும் மேலே விளைவது கீழே வரவும் கால்கள் போட்ட வழி இது. 1821-ல் பழனி மலைத்தொடரை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கிலேயர், மலைச்சரிவின் நடுவில் இருக்கும் வெள்ளகவி என்னும் சிற்றூரில் தங்கி அங்கிருந்துதான் மேலே ஏறினார். மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கும் வெப்பத்துக்கும் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அந்நாளில் பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்புவரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து இந்த மலைச்சரிவு வழியாக மேலே போவார்கள். போவார்கள் என்றேன், பெரும்பாலும் டோலியிலும் நாற்காலியிலும் தூக்கிச் செல்லப்பட்டார்கள் என்பதே சரி. தூக்கியவர்கள் இந்த அடிவாரத்து மனிதர்கள். கொடைக்கானலின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் தூக்கப்பட்டவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த வகையில் என் நீலக் குறிப்பேடும் அந்த நூல்களும் ஒன்றுதான்.

மாலையில் கும்பக்கரைக்குப் போனேன். மாந்தோப்புகள் பூத்திருக்கின்றன. தை மாதத்து மாம்பூ வாசனை சாலை முழுவதும் கூடவே வந்தது. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பாம்பாறு இங்கே பாறைகளைக் குடைந்து ஆழமான குழிகளாக்கி விழுகிறது. யானை, பாம்பு என்று அக்குழிகளுக்கு விலங்குகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்துவிட்டதால் தண்ணீர் அடங்கித்தான் விழுகிறது. நாளை காலை ஆறு மணிக்கு வெள்ளகவிப் பெரியவர் ஒருவர் இங்கே வந்து என்னை அழைத்துச் செல்வார். வனத்துறையின் அனுமதிக் கடிதம் பையின் மேலறையில் இருக்கிறது.

இரண்டாம் நாள்: வெள்ளகவி

கால்களில் வலி இருக்கிறது, ஆனால் மனம் மிகத் தெளிவாக இருக்கிறது. பெரியவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. உரச்சாக்கு ஒன்றில் அரிசியும் பருப்பும் ஒரு மண்வெட்டி இலையும் கட்டி வைத்திருந்தார். இருபது கிலோவுக்குக் குறையாது. அதைத் தலையில் ஏற்றுவதற்கு முன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீளவாக்கில் முறுக்கினார். ஒரு முனையை இடக்கைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நான்கு விரல்களைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை வளையத்துக்குள் செருகினார். பத்து விநாடிகூட ஆகவில்லை; சும்மாடு தயார். தலையில் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். என் பாட்டி ஆண்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் தண்ணீர்க்குடம் எடுக்க இப்படித்தான் முந்தானையைச் சுருட்டுவாள். அந்தச் சொல்லைக் கேட்டே முப்பது ஆண்டுகள் இருக்கும்.

முதல் இரண்டு மணி நேரம் வறண்ட காடு. இலவ மரங்கள் இலையுதிர்த்து நின்றன. வெயில் ஏறுவதற்குள் உயரம் ஏறிவிட வேண்டும் என்று நான் வேகமாக நடந்தேன். அவர் என் பின்னாலேயே ஒரே சீராக வந்துகொண்டிருந்தார். முதல் செங்குத்தான ஏற்றத்தின் முடிவில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்காரப் போனேன்.

"உக்காராதீங்க தம்பி. மூச்சு வாங்குனா நின்னுக்கங்க. உக்காந்தா காலு வேற கணக்குப் போடும்."

அதன்பிறகு அவரை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு, அவருடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர் நீளமாக அடி வைப்பதே இல்லை. ஒரு முழ உயரப் படிக்கல் வந்தால், அதன்மேல் ஏறாமல் பக்கத்தில் அரையடி உயரத்தில் இருக்கும் இரண்டு சிறு கற்களைக் கண்டுபிடித்து அவற்றின்மேல் கால் வைக்கிறார். அந்தச் சிறு கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. பெரிய கல்லில் பாசி படிந்திருந்தது. அதைக் கவனித்தபின் பாதையே எனக்கு வேறாகத் தெரிந்தது. சுமையோடு ஏறிய கால்கள் எங்கே பட்டன, எங்கே படவில்லை என்று வழி நெடுகக் கல்லில் எழுதியிருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக நான் பெரிய கல்லில்தான் கால் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் வலது முழங்காலின் நிலைக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

அப்போது வெள்ளியங்கிரி நினைவு வந்தது. அன்று இரவு பூண்டியில் மூங்கில் கழி வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் ஏறத் தொடங்கினோம். மேலேயுள்ள கடைகளுக்குச் சோடாப் பெட்டிகளைச் சுமந்து சென்ற ஒருவர் எங்களை முந்திப் போனார். நான் அவரைப் பந்தயமாக நினைத்து விரட்டிக்கொண்டு போனேன். அப்பா பின்தங்கிவிட்டார். கைதட்டிச் சுனையருகே திரும்பிப் பார்த்தபோது அவரைக் காணவில்லை. அரை மணி நேரம் இருட்டில் காத்திருந்தேன். வந்து சேர்ந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவருக்கு இது வேலைடா, உனக்கென்ன அவசரம்" என்று மட்டும் கேட்டார். ஏழு மலையும் ஏறி விடியலில் வெண்மேகங்களுக்கு மேலே நின்ற காட்சியைப் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். அப்பா கேட்ட கேள்வியை யாரிடமும் சொன்னதில்லை. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

பதினொரு மணியளவில் மேலிருந்து மணியோசை கேட்டது. பெரியவர் உடனே என் கையைப் பிடித்து மலைப்பக்கமாக இழுத்து ஒதுக்கினார். மட்டக்குதிரைகள் நான்கு, காப்பி மூட்டைகளோடு இறங்கி வந்தன. குதிரை வரும்போது பள்ளத்துப் பக்கம் நிற்கக்கூடாது, மூட்டை இடித்தால் ஆள் கீழே போய்விடுவான் என்றார். ஒரு குதிரை என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. முதுகில் சாக்குத் துணியை மூன்றாக மடித்துப் போட்டு, அதன்மேல் இருபுறமும் எடை சமமாகத் தொங்கும்படி மூட்டைகளைக் கட்டியிருந்தார்கள். கயிறு அதன் வயிற்றை அறுக்காமல் இருக்க, கயிற்றுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் செருகியிருந்தார்கள். தன் குதிரைக்கு அதைச் செய்த கை எந்தக் கையோ, அதை வணங்கத் தோன்றியது.

பிற்பகல் வெள்ளகவி வந்தது. ஊர் எல்லையில் பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வீடுகளும் கோயில்களும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊரே கோயில் என்பதுதான் அவர்களின் எண்ணம். நானும் காலணியையும் காலுறையையும் கழற்றினேன். காலையிலிருந்து தோலுக்குள் அடைபட்டிருந்த பாதங்கள் குளிர்ந்த கல்லைத் தொட்டபோது உடம்பு முழுவதும் ஓர் ஆறுதல் பரவியது. வாசல்களில் காப்பிப் பழங்களைக் காயவைத்திருந்தார்கள். காயும் காப்பிக்கு நாம் அறிந்த காப்பியின் மணம் இல்லை. புளித்த பழத்தின் வாடையும் ஈரச் சாக்கின் வாடையும் கலந்தது போல ஒன்று. கல்லுக்கும் காப்பிக்கும் நடுவே பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்ததில், ஊரின் நீளத்தைக் கடக்க வெகுநேரம் ஆயிற்று.

இரவு உணவுக்குப்பின் பெரியவரின் மருமகள் ஒரு செய்தியைச் சொன்னார். அவருடைய தலைப்பிரசவத்தின்போது ஒரு கழியில் போர்வையைத் தூளிபோலக் கட்டி, அதில் படுக்கவைத்து, ஆறு பேர் மாறி மாறிச் சுமந்து, கொடைக்கானலை ஒட்டியுள்ள வட்டக்கானல்வரை கொண்டுபோனார்களாம். "மழ வேற. நான் அழுதத விட தூக்குனவங்க அழுததுதாங்க அதிகம்" என்றார். இங்கே அதையும் டோலி என்றுதான் சொல்கிறார்கள். 1845-ல் வெள்ளைக்காரர்கள் ஏறிப்போன அதே மலை, அதே சொல். அவர்கள் ஏறிய டோலி ஒரு நகரத்தை உண்டாக்கி, சாலையும் மின்சாரமும் மருத்துவமனையும் அதற்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நகரத்துக்கும் முன்பே இங்கே இருந்த ஊரின் கர்ப்பிணி இன்றைக்கும் டோலியில்தான் போகிறாள். சாலை வேண்டும் என்று இவர்கள் பல தலைமுறைகளாகக் கேட்டு வருகிறார்கள். காட்டைக் குடையாத ஓர் ஒற்றையடிப் பாதையின் அழகை வியந்துகொண்டே வந்த நான், அந்தப் பெண்ணின் முன்னால் அந்த வியப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேச முடியாமல் இருந்தேன். சாலை வந்தால் காடு என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கவலையின் விலையை இத்தனை காலமும் கொடுத்து வருபவர்கள் இவர்கள்தான்.

மூன்றாம் நாள்: கொடைக்கானல்

வெள்ளகவியிலிருந்து மேலே ஏற ஏறக் காடு மாறுகிறது. மரங்கள் குட்டையாகி, கிளைகள் முறுக்கிக்கொண்டு, பட்டையெல்லாம் பாசியாக, சோலைக்காடு தொடங்குகிறது. ஒரு திருப்பத்தில் சீகாரப் பூங்குருவி ஒன்று, சிறுவன் ஒருவன் வழிதெரியாமல் விசிலடித்துக்கொண்டு திரிவதுபோல நெடுநேரம் பாடியது. கீழ்க்காட்டில் தேடியும் கிடைக்காத தண்ணீர் இங்கே ஒவ்வொரு மடிப்பிலும் கசிகிறது. மழைக்காலத்தில் பெய்ததை இந்தச் சோலைகளும் அவற்றுக்கு மேலேயுள்ள புல்வெளிகளும் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை முழுவதும் சிறிது சிறிதாக விடுகின்றன. முந்தாநாள் கும்பக்கரையில் நான் கால் நனைத்த தண்ணீர் இங்கிருந்து வந்ததுதான்.

வழியில் ஓரிடத்தில் கருகிய புல் தெரிந்தது. பெரியவர் நின்று, குனிந்து, சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பழையது என்றார். எனக்கு உடனே குரங்கணி நினைவு வந்தது. போடிக்கு மேலே குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையில் 2011-ல் நான் நடந்திருக்கிறேன். அதுவும் சுமைப் பாதைதான். மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன்வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நான் போனது மார்ச் மாதத்தில். இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள் நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தோம். அனுமதி வாங்கினோமா என்று யாரும் கேட்கவில்லை. வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. 2018 மார்ச் 11 அன்று அதே சரிவுகளில் காட்டுத்தீ பரவி, மலையேறச் சென்றிருந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் அந்தச் சரிவைப் பார்த்தபோது, நாங்கள் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்ட பாறையைத் தேடினேன். எங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்கு எங்கள் திறமையோ கவனமோ காரணமல்ல. அந்த நாளில் காற்று வேறு பக்கம் வீசியது, அல்லது தீயே இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அனுமதிக் கடிதமும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் எந்தக் காட்டிலும் கால் வைத்ததில்லை. மலைக்குப் போகும் இளைஞர்கள் யாரைக் கண்டாலும், காய்ந்த மாதங்களில் புல்லுக்குள் போகாதீர்கள் என்பதை மன்றாடியே சொல்கிறேன்.

அகத்தியமலையையும் சொல்ல வேண்டும். போணக்காட்டிலிருந்து நடந்து அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரத்துக்கு ஏறத் தொடங்கினோம். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மூடுபனி வந்து பாறை நனைந்துவிட்டது. வழிகாட்டி காணிப் பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர். கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்றார். எங்கள் குழுவில் இருவர் அவரிடம் குரலை உயர்த்தினார்கள். நானும் அவர்களோடு நின்றேன் என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன். அவர் பதில் பேசாமல் கீழ்நோக்கித் திரும்பி நடந்தார். நீலக் குறிப்பேட்டில் அந்தப் பயணத்துக்கு நேராக 'முடியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். எங்களைப் பத்திரமாக இறக்கிவிட்ட ஒருவரைப் பற்றி நான் எழுதிவைத்த ஒரே சொல் அது.

பிற்பகல் இரண்டு மணிக்கு டால்பின் மூக்குப் பாறைக்கு மேலே வந்துவிட்டோம். திடீரென்று கடைகள், ரொட்டி ஆம்லெட், இசை, கைப்பேசியை உயர்த்திப் பிடித்த கைகள். தலையில் சாக்கோடு வந்த பெரியவரைப் படமெடுக்கச் சிலர் வழிவிட்டு நின்றார்கள். அவர் எதையும் பாராமல் வட்டக்கானல்வரை அதே அடியில் நடந்தார். வீட்டில் பறித்த எலுமிச்சையும் பட்டர் ஃப்ரூட்டும்தான் இன்றைய சாக்கில் இருந்தவை. வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டார். இன்றிரவு நகரத்தில் இருக்கும் மகள் வீட்டில் தங்கல். நாளைக் காலை சாமான்களோடு இறங்குகிறார்.

கொடைக்கானலில் குளிர் எலும்பைத் தொடுகிறது. 2,100 மீட்டர் உயரம். விடுதி அறையின் சன்னலிலிருந்து ஏரிப்பக்கத்து விளக்குகள் தெரிகின்றன. அந்த ஏரி 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் கரைகட்டி உண்டாக்கியது. ஊருக்கு மேலே இருக்கும் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்னும் வானியலாளர் 1909-ல் அங்கிருந்துதான் கண்டறிந்தார். மோட்டார் சாலை முழுமை பெறாத காலம் அது. தொலைநோக்கிகளின் கண்ணாடிகளையும் பித்தளைக் குழாய்களையும் மனிதர்களும் மாடுகளும்தான் மேலே கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். இதற்கு முன் மூன்று முறை அந்த ஆய்வகத்துக்குப் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இந்த எண்ணம் வந்ததில்லை.

நான்காம் நாள்: வட்டக்கானல்

காலை எட்டு மணிக்குக் கடைவீதியில் பெரியவரைப் பார்த்தேன். சர்க்கரை, சமையல் எண்ணெய், பேத்திக்கு ஒரு பென்சில் பெட்டி, மருமகளுக்கு இருமல் மருந்து என்று வாங்கியிருந்தார். இருவரும் ஒரு ஜீப்பில் வட்டக்கானல் வந்தோம். பாதை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில், பனி விலகாத புல்லின்மேல் சாக்கை வைத்துவிட்டு, டீ குடித்தோம். வழிகாட்டியதற்கான பணத்தைக் கொடுத்தேன். கொஞ்சம் கூடுதலாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார். பேத்திக்கு என்று சொன்னபின் வாங்கிக்கொண்டார்.

என் பாட்டியின் ஊரில் சாலையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஆள் உயரத்தில் ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக வைத்தது என்று பாட்டி சொல்வாள். தனியாக வருகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதில் இறக்கி, ஆறி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கல்லைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு துண்டை முறுக்கிச் சும்மாடு சுற்றினார்.

"செத்த தூக்கி விடுங்க தம்பி."

குனிந்து சாக்கின் இரு மூலைகளையும் பிடித்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். முழங்கால் ஒருமுறை சுண்டியது. மார்புவரை தூக்கியதும் அவர் சற்றே முழங்காலை மடித்துத் தலையைக் கீழே கொடுத்தார். சாக்கு சும்மாட்டின்மேல் அமர்ந்ததை என் கைகளே உணர்ந்தன. அவர் நிமிர்ந்து, கழுத்தை இடமும் வலமும் ஒருமுறை அசைத்து எடையைச் சரிசெய்துகொண்டார். "வரட்டுமா" என்றார். முதல் திருப்பம்வரை அவருடைய குதிகால்கள் தெரிந்தன. சிறு கற்களின்மேல்தான் வைத்துக்கொண்டு போனார்.